ரிவால்வரைத் திறப்பதற்கு முன்

ரிவால்வரைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறவர்கள் என்ன கோளாறு என்று சொல்வதோடு, எதை மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். "ஸ்பிரிங் போயிருச்சுண்ணே, புதுசு போட்டுருங்க." "ட்ரிகர் கனமா இருக்கு, லேசா ராவி விட்டாப் போதும்." திறந்து பார்த்தால் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கும். ராவுகிற வேலை தேவைப்பட்டாலும் அது கடைசியாக வரவேண்டியது. டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, அது இருக்கிற இடம் வேறொன்று. இது தெரியாமல் யாரோ உள்ளே கை வைத்ததால் கெட்டுப்போன நல்ல துப்பாக்கிகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அந்த ஆற்றாமையில்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ராணுவத்தில் ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, பழுதுபார்க்கும் உரிமம் உள்ள ஓர் ஆயுதக் கடையில் வேலை. ஊர் காரைக்குடிப் பக்கம் என்பதால் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வருகிற பழைய துப்பாக்கிகள் என்னிடம்தான் வந்து சேரும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியை வைத்திருக்க உரிமம் வேண்டும் என்பதைப் போலவே, அதைப் பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து ஒரு பாகத்தைக் கடைந்து வாங்கிக்கொள்வது குற்றம். அதனால் சொந்தக்காரர்கள் அரத்தை எடுப்பதற்காக இதை எழுதவில்லை. துப்பாக்கியை வெளியிலிருந்தே எப்படிச் சோதிப்பது, கடையில் அதற்கு என்ன செய்கிறார்கள், என்ன செய்யக்கூடாது என்பது அதை வைத்திருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் எந்தப் பழைய பொருளைக் கேட்டாலும் "பர்மாவுல இருந்து வந்தது" என்பார்கள். தூண்கள் பர்மாத் தேக்கு, சரி. ரிவால்வருக்கும் அதையே சொல்வார்கள். நான் வரிசை எண்ணைத்தான் பார்ப்பேன். உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி தொழில் சார்ந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற அமெரிக்க நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த ரிவால்வர்களில் கைப்பிடியின் அடியில் இருக்கிற எண், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் பின்முகத்திலும், குண்டு வெளியேறும் குழாயான பேரலின் அடியிலும், சுட்ட கூடுகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டரின் பின்புறத்திலும் இருக்கும். இவையெல்லாம் ஒன்றுக்கொன்று கையால் பொருத்தப்பட்டவை, கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. எண் மாறியிருந்தால், யாரோ வேறொரு துப்பாக்கியின் பாகத்தை இதில் மாட்டியிருக்கிறார்கள். அங்கிருந்தே என் சந்தேகம் தொடங்கிவிடும்.

திண்டுக்கல் பூட்டு தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கையால் செய்த நல்ல பூட்டில் உள்ளே இருக்கிற லீவர் ஒவ்வொன்றும் அந்தப் பூட்டின் சாவிக்கென்றே ராவப்பட்டிருக்கும். பக்கத்துப் பூட்டின் லீவர் பார்வைக்கு அச்சாக அப்படியே இருந்தாலும் இதில் வேலை செய்யாது. பழைய ரிவால்வரும் அந்த ரகம்தான்.

ட்ரிகரை ஒருமுறை இழுக்கும்போது உள்ளே நடப்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். சிங்கிள் ஆக்‌ஷனில் தோட்டாவை அடிக்கிற ஹேமரைக் கட்டைவிரலால் பின்னே இழுத்து நிறுத்துகிறோம், ட்ரிகர் அதை விடுவிக்க மட்டும்தான். டபுள் ஆக்‌ஷனில் எல்லாவற்றையும் ட்ரிகரே செய்கிறது. 1851இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஆடம்ஸ் காப்புரிமை பெற்ற ரிவால்வரில் ட்ரிகரை இழுத்துத்தான் சுட முடியும், ஹேமரைத் தனியாக நிறுத்த வழியில்லை. சில ஆண்டுகளில் பியூமான்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி செய்த திருத்தம் இரண்டு வழிகளையும் ஒரே துப்பாக்கியில் சேர்த்தது. இன்று நாம் டபுள் ஆக்‌ஷன் என்று சொல்வதன் அடிப்படை அதுதான்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வகையை எடுத்துக்கொள்வோம். ட்ரிகர் நகரத் தொடங்கியதும் அதன் முன்நுனி, சிலிண்டர் ஸ்டாப் என்கிற சிறு பாகத்தைக் கீழே இழுக்கிறது. அதுவரை சிலிண்டரின் பள்ளத்தில் உட்கார்ந்து அதைச் சுழலவிடாமல் பிடித்திருந்தது அந்த ஸ்டாப்தான். பிடி விட்டதும், ட்ரிகரோடு இணைந்த ஹேண்ட் என்கிற மெல்லிய பாகம் மேலேறி, சிலிண்டரின் பின்புறத்தில் இருக்கிற பல் ஒன்றைத் தள்ளுகிறது. சிலிண்டர் சுழல்கிறது. இதற்குள் ட்ரிகரின் நுனியிலிருந்து நழுவிய ஸ்டாப், ஸ்பிரிங் விசையால் மேலே எழும்பி சிலிண்டரின் மேல் உரசிக்கொண்டே வந்து, அடுத்த பள்ளம் வந்ததும் அதில் விழுகிறது. இதே வேளையில் ஹேமரும் பின்னே ஏறிக்கொண்டிருக்கிறது. சிலிண்டர் பூட்டிய பிறகுதான் ஹேமர் விடுபட வேண்டும். விரலை எடுத்தால் ரீபவுண்ட் ஸ்லைடு என்கிற நகரும் கட்டை ட்ரிகரை முன்னே தள்ளி, ஹேமரைச் சற்றுப் பின்னிழுத்து வைக்கிறது.

ஒரே இழுப்பில் இத்தனையும், இந்த வரிசையில். வரிசை பிசகினால் என்ன ஆகும்? சிலிண்டர் முழுதாக வந்து நிற்பதற்குள் ஹேமர் விழுந்தால், தோட்டா இருக்கும் அறையும் பேரலும் நேராக இருக்காது. குண்டு பேரலின் வாயில் இடித்துக்கொண்டு நுழையும். சீவப்பட்ட ஈயம் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் படலாம். இதனால்தான் இந்தச் சோதனைகளை நான் ஒருபோதும் அவசரமாகச் செய்வதில்லை.

பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு .32 ரிவால்வரை வைத்தே மீதியைச் சொல்கிறேன். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ஆறு தோட்டா. வீட்டுக்காரர் காலமான பிறகு உரிமம் மகன் பெயருக்கு மாறியிருந்தது. மகன் தன் தாயாரையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். உரிமதாரர் இறந்தால் சட்டப்படியான வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. எழுபது வயதைக் கடந்தவரோ, இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தவரோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொடுக்கவும் முடியும். பலருக்கு இது தெரிவதில்லை.

"அண்ணே, ட்ரிகர் ஒரு தரம் லேசா வருது, ஒரு தரம் கல்லு மாதிரி நிக்குது. வெடிக்கவும் மாட்டேங்குது சில நேரம். ஸ்பிரிங்தானே?" என்றார் மகன்.

"யாராச்சும் பிரிச்சுப் பாத்தாங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் ஆச்சி சொன்னார். "இவுக அப்பச்சி இருந்தப்ப ஒருத்தர்கிட்டக் குடுத்து லேசாக்கி வாங்கினாக தம்பி. அப்ப இருந்தே சரியில்லை."

அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தியது.

சரி, சோதனைக்கு வருவோம். முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிறகு விரல் நுனியை ஒவ்வொரு அறையிலும் வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. தோட்டாக்கள் அந்த மேசையில் மட்டுமல்ல, வேலை செய்கிற கூடத்திலேயே இருக்கக்கூடாது. இதில் நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, எத்தனை வருடப் பழக்கம் உள்ளவராக இருந்தாலும் சரி. ட்ரிகரை இழுத்துப் பார்க்கும் சோதனைகளுக்கு ஸ்நாப் கேப் எனப்படும் போலித் தோட்டாக்களைப் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது அழுக்கு. ஆமாம், அளவு கருவிகளுக்கு முன்னால் அழுக்கு. எக்ஸ்ட்ராக்டரைத் தள்ளி அதன் நட்சத்திர வடிவத் தலையின் அடியில் பார்த்தேன். எரியாத வெடிமருந்துத் துகள்கள், எண்ணெயோடு சேர்ந்து இறுகி, கடுகைவிடச் சிறிய ஒரு பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பொருக்கு போதும். நட்சத்திரம் தன் குழியில் முழுதாக உட்காராது, அதனால் சிலிண்டரின் பின்முகம் துப்பாக்கியின் உடற்சட்டத்தோடு உரசும், ட்ரிகர் கனக்கும். எந்தப் பக்கம் துகள் இருக்கிறதோ அந்தப் பக்கம் வரும்போது மட்டும் கனக்கும். "ஒரு தரம் லேசா, ஒரு தரம் கல்லு மாதிரி" என்றாரே, அதில் பாதி இதுதான். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நட்சத்திரத்தின் அடியையும் குழியையும் துடைத்தேன். மகன் இழுத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் எந்த ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னாரோ, அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மீதிப் பாதி, எக்ஸ்ட்ராக்டரைத் தள்ளுகிற கம்பியான எக்ஸ்ட்ராக்டர் ராடில் இருக்கலாம் என்று அதையும் பார்த்தேன். சிலிண்டரைத் திறந்து சுழற்றிவிட்டு, ராடின் நுனியைக் கவனிக்க வேண்டும். நுனி வட்டமடித்தால் ராடு வளைந்திருக்கிறது. இதில் நேராகவே சுழன்றது. ஆனால் ராடு மரையில் லேசாகத் தளர்ந்திருந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சிலிண்டர், பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். பழைய துப்பாக்கிகளில் ராடின் மரை வலமரை, அதனால் சுடச்சுடத் தானே கழன்றுவரப் பார்க்கும். கழன்று நீண்டுவிட்டால் சிலிண்டரைத் திறக்கவே முடியாது. 1960ஐ ஒட்டி அவர்கள் இடமரைக்கு மாறியதற்குக் காரணம் இதுதான். ராடை இறுக்கவோ கழற்றவோ செய்யும்போது, சுட்ட வெற்றுத் தோட்டாக் கூடுகளை அறைகளில் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முறுக்குகிற விசை முழுவதும் நட்சத்திரத்தின் சிறிய ஊசிகளில் இறங்கி அவை வளைந்துவிடும்.

அடுத்தது சிலிண்டரின் முன்பின் ஆட்டம். சிலிண்டரை மூடி, முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். இதை அளக்க, டூ வீலர் மெக்கானிக் டேப்பெட் இடைவெளி பார்க்கிற அதே ஃபீலர் கேஜ் போதும். சிலிண்டரை முன்னே தள்ளிப் பிடித்து, பேரலுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பிறகு பின்னே தள்ளிப் பிடித்து இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆட்டம். இந்த ரிவால்வரில் முன்னே 0.08 மி.மீ, பின்னே 0.18 மி.மீ. ஆக ஆட்டம் 0.10 மி.மீ. 0.05 மி.மீ அளவுக்குள் இருந்தால் நான் தொடமாட்டேன், இது அதற்கு இரண்டு மடங்கு. இடைவெளி 0.10 முதல் 0.20 மி.மீ வரை இருப்பது நல்ல நிலை. அதிகமானால் பக்கவாட்டில் வாயு அதிகம் கசியும். மிகக் குறைந்தால் சில தோட்டா சுட்டதும் கரி படிந்து சிலிண்டர் பேரலில் உரசும்.

இந்த ஆட்டத்தைச் சரிசெய்யாமல் ஹேண்டையோ ஸ்டாப்பையோ பொருத்தப் போகிறவர் வேலையை இரண்டு முறை செய்யப் போகிறார். சிலிண்டர் முன்னே ஒருமுறையும் பின்னே ஒருமுறையும் நின்றால், ஹேண்ட் பல்லைத் தொடும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். மாறுகிற ஒன்றுக்கு எதைப் பொருத்துவது? அழுக்கு, பிறகு ஆட்டம், பிறகுதான் சுழற்சியின் நேரம். இந்த வரிசையை மாற்றக்கூடாது.

சுழற்சியின் நேரத்தைச் சோதிப்பது இப்படி. இடது கட்டைவிரலைச் சிலிண்டரின் பக்கத்தில் மிக லேசாக வைத்து, கொஞ்சமே கொஞ்சம் தடுக்க வேண்டும். ஹேமரை மெதுவாக, மிக மெதுவாகப் பின்னே இழுக்க வேண்டும். காது முக்கியம். ஸ்டாப் பள்ளத்தில் விழுகிற 'டிக்' சத்தம், ஹேமர் முழுதாக நிற்கிற 'கிளிக்'குக்கு முன்னால் வரவேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல், விரலால் தள்ளினால்தான் போய் விழுகிறது என்றால் அந்த அறை பிந்துகிறது. அதே சோதனையை ட்ரிகரை மட்டும் மெதுவாக இழுத்தும் செய்ய வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாக. பல் ஆறும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. சாக்பீஸால் அறைகளுக்கு எண் போட்டுக்கொண்டு, தாளில் குறித்துக்கொள்வேன். இந்த ரிவால்வரில் நாலு அறை சரியாக வந்தன, மூன்றும் ஐந்தும் பிந்தின.

பிறகு பூட்டின் இறுக்கம். ட்ரிகரைப் பின்னே இழுத்துப் பிடித்தபடி, ஹேமர் விழுந்த நிலையில், சிலிண்டரை இடவலமாக அசைத்துப் பார்ப்பது. மிகச் சிறிய அசைவு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். குண்டு நுழையும்போது அறை பேரலுக்கு நேராகத் தானே ஒதுங்கிக்கொள்ள அந்த இடம் உதவும். கொடகொடவென்று ஆடினால் ஸ்டாப்போ சிலிண்டரின் பள்ளமோ தேய்ந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் அஞ்சுவது அடுத்த சோதனையைத்தான். ஹேமரைப் பின்னே நிறுத்தி, ட்ரிகரைத் தொடாமல், ஹேமரின் முதுகைக் கட்டைவிரலால் முன்னோக்கி அழுத்த வேண்டும். முரட்டுத்தனமாக வேண்டாம், உறுதியாக. ஹேமர் நழுவி விழுந்தால் அந்த ரிவால்வரை அந்த நிமிடமே சேவையிலிருந்து எடுத்துவிட வேண்டும். "லேசாக்கி வாங்கினாக" என்று ஆச்சி சொன்னபோதே என் மனம் இங்கேதான் போயிற்று. ட்ரிகரை லேசாக்க, கையில் அரம் உள்ளவர் முதலில் ராவுகிற இடம், பின்னே இழுத்த ஹேமரை நிறுத்திவைக்கிற வெட்டான கடிவாயும் அதில் பிடிக்கிற ட்ரிகரின் விளிம்பும்தான். இந்தப் பாகங்களின் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டிருக்கும். உள்ளே மென்மையான எஃகு. மேல்தோலை ராவி எடுத்துவிட்டால் ட்ரிகர் சில நாள் வெண்ணெய் மாதிரி வரும். பிறகு மென்மையான விளிம்பு மழுங்கி, ஒருநாள் கை படாமலே ஹேமர் விழும். நல்லவேளை, இதில் அந்தக் கை அங்கே போகவில்லை. ஹேமர் அசையாமல் நின்றது.

அப்படியானால் எதை லேசாக்கினார்? கைப்பிடி மரத்தைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. கைப்பிடியின் முன்பக்கம் அடியில் ஸ்ட்ரெய்ன் ஸ்க்ரூ என்று ஒரு திருகு இருக்கும். அது மெயின் ஸ்பிரிங்கை அழுத்தி வளைத்து அதற்கு விசை கொடுக்கிறது. அதை முழுதாக இறுக்கித்தான் வைக்க வேண்டும். யாரோ அதன் நுனியை ராவிக் குட்டையாக்கியிருந்தார்கள், அரத்தின் கோடுகள் கண்ணுக்கே தெரிந்தன. ஸ்பிரிங்கின் விசை குறைந்தது, ட்ரிகர் லேசானது, கூடவே ஹேமரின் அடியும் லேசானது. அடி விழுந்ததும் தீப்பற்ற வேண்டிய தோட்டாவின் பிரைமரில் ஹேமரின் ஊசி மேலோட்டமாகப் பட்டு வெடிக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். ஸ்பிரிங் நன்றாகவே இருந்தது. சரியான நீளத்தில் ஒரு திருகைப் போட்டு முழுதாக இறுக்கியதும் அது பழையபடி உயிர்பெற்றது.

இனி உள்ளே போகலாம். உள்பாகங்களை மூடியிருக்கும் பக்கத் தகட்டைத் திறப்பதைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் வாய் ஆப்பு வடிவில் இருக்கும். அதைத் திருகின் பள்ளத்தில் வைத்து அழுத்தினால் மேல் விளிம்பை மட்டும் பிடித்து, சறுக்கி, பள்ளத்தைச் சிதைத்துவிடும். வாய் இணையாகச் சாணை பிடிக்கப்பட்டு, பள்ளத்தின் அகலத்துக்கும் தடிமனுக்கும் சரியாக இருக்கிற திருப்புளிதான் வேண்டும். திருகுகளை எடுத்த இடத்தின் வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்தி வைக்க வேண்டும், ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. பிறகு தகட்டை நெம்பக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் நெம்பக்கூடாது. தகடு மேலே வரும்படி துப்பாக்கியைக் கையில் பிடித்து, கைப்பிடிச் சட்டத்தை ஒரு மரப்பிடியால் தட்டிக்கொண்டே இருந்தால் அதிர்வில் தகடு தானே எழும்பும். பொறுமை இல்லாதவர் திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்புவார். தகட்டின் விளிம்பு வளையும். அந்தக் கோடு பிறகு அந்தத் துப்பாக்கியின் ஆயுள் முழுவதும் அப்படியே இருக்கும்.

உள்ளே எண்ணெய் பழுப்பாகிப் பிசினாக இறுகிக் கிடந்தது. மோந்து பார்த்தாலே தெரிந்தது, நல்லெண்ணெய். தலைக்குத் தேய்க்க அதைவிட நல்லது இல்லை, ஆனால் காற்றுப் பட்டுப் பட்டு அது பிசினாகிவிடும். துப்பாக்கிக்கான எண்ணெய் கிடைக்காத ஊரில் தையல் மெஷின் எண்ணெய் எவ்வளவோ மேல், அதுவும் ஒரு சொட்டு. கரைத்துக் கழுவிய பிறகு பாகங்களைப் பார்த்தேன். ரீபவுண்ட் ஸ்லைடின் ஸ்பிரிங்கை வெட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது என் வழக்கம். வெட்டியிருந்தால் விரலை எடுத்த பிறகு ட்ரிகர் சோம்பலாகத் திரும்பும். இதில் முழுதாக இருந்தது.

ஆட்டத்துக்கு 0.05 மி.மீ தடிமனுள்ள ஒரு மெல்லிய எஃகு வளையம், சிலிண்டரைத் தாங்கும் குழாயின் நுனிக்கு. மறுபடி அளந்தால் முன்னே 0.13, பின்னே 0.18. போதும்.

இப்போது பிந்துகிற இரண்டு அறைகள். ஆட்டத்தைச் சரிசெய்ததும் ஐந்தாவது அறை தானாகவே நேரத்துக்கு வந்தது. மூன்றாவது இன்னும் பிந்தியது. இங்கேதான் பலர் நட்சத்திரத்தின் பல்லில் அரத்தை வைப்பார்கள். பல்லை ராவினால் அது இன்னும் குறையும், இன்னும் பிந்தும். குறைந்திருப்பதை ராவிக் கூட்ட முடியாது. இதற்கு முறையான வழி, சற்றுத் தடிமனான புது ஹேண்டைப் பொருத்துவது. தடிமன் கூடினால் அது பல்லைக் கொஞ்சம் வெளிப்புறமாகப் பிடித்து, சிலிண்டரை அந்த மயிரிழை தூரம் கூடுதலாகக் கொண்டுபோகும். ஆனால் மூன்றாவது அறைக்குப் பொருந்துகிற ஹேண்ட் மற்ற ஐந்து அறைகளில் இறுகிப் பிடிக்கக்கூடும். அதனால் எல்லா அறைகளிலும் மாறிமாறிச் சோதித்துக்கொண்டே ஹேண்டைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும்.

எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க நான் விளக்குப் புகையைப் பயன்படுத்துகிறேன். மண்ணெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேலே ஹேண்டைக் காட்டினால் கரி மெல்லிய படலமாகப் படியும். பொருத்தி, மெதுவாக ஒரு சுற்று இயக்கி, வெளியே எடுத்துப் பார்த்தால் எங்கே பட்டதோ அங்கே மட்டும் கரி போய் எஃகு மின்னும். அந்த மின்னும் இடத்தை மட்டும் நயமான ஆயில் ஸ்டோனில் இரண்டு இழுப்பு. மறுபடி புகை, மறுபடி சுற்று. அரம் இந்த வேலைக்கே வராது. மதியம் தொடங்கினால் பொழுது சாய்கிற வரை இது ஒன்றிலேயே போய்விடும், எனக்கு அதில் அலுப்பு வந்ததில்லை. ஹேண்டை மட்டும்தான் குறைப்பேன். சட்டத்தையோ சிலிண்டரையோ நட்சத்திரத்தையோ தொடமாட்டேன். ஹேண்ட் பாழானால் இன்னொன்று போடலாம், மற்றவை அந்தத் துப்பாக்கிக்கென்றே பிறந்தவை. ஆறு அறையிலும் 'டிக்' முன்னால், 'கிளிக்' பின்னால் என்று வந்த பிறகு, விளிம்புகளின் பிசிறை எடுத்து மூடினேன். அனுமதி பெற்ற சுடுதளத்தில் சுட்டுப் பார்த்தபோது எல்லாத் தோட்டாவும் வெடித்தது, ஈயம் எங்கும் தெறிக்கவில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது மகனிடம் ஒன்றை அழுத்திச் சொன்னேன். இது 1944க்கு முன் செய்த துப்பாக்கி. அந்த ஆண்டில் அமெரிக்கக் கடற்படையில் ஒரு ரிவால்வர் கப்பல் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்தார். ஹேமர் கீழே இருக்கும்போது அதன்மேல் அடி விழுந்தும் ஊசி தோட்டாவைத் தொடாதபடி தடுக்கும் உறுதியான கட்டையை, அதற்குப் பிறகுதான் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் ரிவால்வர்களில் வைத்தது. அதனால் இதில் எப்போதும் ஐந்து தோட்டாதான், ஹேமரின் நேரே வருகிற அறை காலி. "ஆறு போடலாமே" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

ஆச்சிக்கு வேறொரு கவலை. "ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாமா தம்பி? இவுக அப்பச்சி விடாம வைப்பாக."

கைப்பிடி மரத்தைக் கழற்றியபோது அதன் அடியில் கண்ட துருவின் நிறம் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருந்தது. குழைத்த சந்தனம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, காய்ந்து, மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே பொடியாகத் தங்கியிருந்தது. அந்த இடத்தில் எஃகு புள்ளிபுள்ளியாக அரித்திருந்தது. "பெட்டிக்கு வைங்க ஆச்சி, இரும்புக்கு வேண்டாம். பூசை முடிஞ்சதும் ஒரு எண்ணெய்த் துணியால துடைச்சிடுங்க" என்றேன். அவருக்கு அது சம்மதமாக இருந்தது.

துருவைப் பற்றிப் பேசும்போது காரைக்குடிக்காரனாக எனக்கு ஒரு பெருமையும் உண்டு. உலோக அரிப்பை ஆராய்வதைத் தன் முக்கிய வேலைகளில் ஒன்றாகக் கொண்ட சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நம் ஊரில்தான் இருக்கிறது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் என்ற ஊரில் கடல்காற்றில் உலோகங்களை வைத்து அரிப்பைச் சோதிக்கும் நிலையமும் அவர்களுக்கு உண்டு. ஈரமும் உப்பும் சேர்ந்தால் எஃகு என்ன ஆகும் என்பதை அளந்து சொல்கிற ஊரில் இருந்துகொண்டு, நாம் ரிவால்வரைத் தோல் உறையோடு பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். தோல் ஈரத்தை உறிஞ்சும், பதனிட்ட உப்புகளும் அதில் இருக்கும். உறை என்பது எடுத்துச் செல்வதற்கு, வைப்பதற்கு அல்ல.

இது தேர்தல் காலத்தில் இன்னும் முக்கியம். உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள், திரும்ப வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அவசரத்தில் உறையோடு கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஒப்படைப்பதற்கு முன்தினம் உறையிலிருந்து எடுத்து, பேரலையும் அறைகளையும் துடைத்து, மேலே மெல்லிய எண்ணெய் பூசி, எண்ணெய் ஊறிய பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள். உறையைத் தனியாகக் கொடுத்து ரசீதில் அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது வரிசை எண்ணை உரிமத்தோடு சரிபாருங்கள். அங்கேயே சிலிண்டரைத் திறந்து, காலி என்று பார்த்து, விரலால் தடவி, பிறகு நட்சத்திரத்தின் அடியையும் ஒருமுறை பாருங்கள்.